பாதிக் கோப்பையில் நின்றுபோகும் காபி

டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில், 2020ஆம் ஆண்டின் கோடையில், எதிர்வீட்டுத் தம்பதியர் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள். குப்பைத் தொட்டியருகே வைப்பதற்காக அவர்கள் எடுத்து வந்த பொருள்களுக்கு நடுவே, ஒரு நேரத்தில் ஒரே கோப்பை காபி தரும் இயந்திரம் ஒன்றும் இருந்தது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பாதிக் கோப்பைதான் வருகிறது, இதன் ஆயுள் முடிந்துவிட்டது, புதிய ஊரில் புதியதை வாங்கிக்கொள்வோம் என்றார்கள். அதன் தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரில் விரல் அகலத்துக்கு வெள்ளைப் பட்டை ஒன்று படிந்திருந்ததைக் கண்டதும், நான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு வாங்கி வந்தேன். அன்று மாலையும் மறுநாள் காலையும் சேர்த்து ஏறக்குறைய மூன்று மணி நேரம் செலவிட்டேன். இயந்திரம் முழுக் கோப்பை தந்தது. அதன்பிறகு நாங்கள் வீடு மாறியபோதும் அது கூடவே வந்தது. இன்றுவரை நாளொன்றுக்கு மூன்று கோப்பை என்ற கணக்கில் உழைக்கிறது. இத்தனை ஆண்டுகளில் நான் அதற்காக வாங்கிய உதிரிப் பாகம் ஒரேயொரு ரப்பர் வளையம்.

இதைச் சொல்லும்போதெல்லாம் நண்பர்கள் எனக்கு இயந்திர அறிவு இருப்பதாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படிப்பட்ட படிப்பு எதுவும் கிடையாது. பழுதாகிவிட்டது என்று வெளியே வைக்கப்படும் இவ்வகை இயந்திரங்களில் பல உண்மையில் பழுதாவதில்லை, அடைத்துக்கொள்கின்றன என்பதே நான் கண்டது. எங்கே அடைக்கும் என்பதை அறிய, தொட்டியில் ஊற்றிய தண்ணீர் கோப்பைக்கு வந்து சேரும் வழியை மனத்தில் வரைந்துகொண்டாலே போதும்.

அந்த வழி மிகவும் குறுகியது. தொட்டியின் அடியில் சிறு வால்வு இருக்கிறது. தொட்டியை இயந்திரத்தில் பொருத்தும்போது அது திறந்துகொள்ளும். அங்கிருந்து தண்ணீரைப் பம்பு உறிஞ்சி, உள்ளே இருக்கும் வெந்நீர்க் கலத்துக்கு அனுப்புகிறது. கலத்திலுள்ள சூடேற்றும் சுருள் அதை ஏறக்குறைய 89 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சுகிறது. பின்னர் ஒரு காற்றுப் பம்பு கலத்தில் அழுத்தம் கொடுக்க, வெந்நீர் மேலேறி, மூடியிலிருக்கும் ஊசி வழியாகக் காப்ஸ்யூலுக்குள் பாய்கிறது. காப்ஸ்யூல் என்பது மேலே மெல்லிய தாள் ஒட்டிய பிளாஸ்டிக் கிண்ணம். அதனுள்ளே காகித வடிகட்டியும் அதில் 9 முதல் 12 கிராம் வரை காபித் தூளும் இருக்கும். மேல் ஊசி தாளைத் துளைக்கிறது, கீழ் ஊசி கிண்ணத்தின் அடியைத் துளைக்கிறது, வடிந்த காபி கோப்பையில் விழுகிறது. கடைசியில் புஸ்ஸென்று வரும் ஓசை, குழாயில் மிஞ்சிய நீரைக் காற்று வெளியே தள்ளுவதால் எழுவது, அது கோளாறன்று. எல்லா நிறுவனங்களின் இயந்திரங்களும் இதே அமைப்பில் இருப்பதில்லை. சிலவற்றில் வெந்நீர்க் கலமே கிடையாது, ஓடும்போதே தண்ணீர் சூடாகிவிடும். ஆனால் வால்வு, பம்பு, சூடேற்றி, இரண்டு ஊசிகள் என்ற வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை.

எங்கள் ஊரில் இந்த வழியை அடைப்பது தண்ணீரேதான். சான் அன்டோனியோவின் குடிநீரில் பெரும்பகுதி எட்வர்ட்ஸ் நிலத்தடி நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது. அது முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் அந்தப் பாறையின் வெடிப்புகளிலும் துளைகளிலும் இறங்கும்போது கால்சியத்தைக் கரைத்துக்கொண்டே இறங்குகிறது. இங்குள்ள நீரின் கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பின் அளவு, ஒரு கேலனுக்கு 15 முதல் 20 கிரெய்ன். லிட்டர் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 260 முதல் 340 மில்லிகிராம். லிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டினாலே மிகக் கடின நீர் என்று அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் வகைப்படுத்துகிறது. 2023இல் என் அம்மா எங்களோடு வந்து தங்கியிருந்தபோது, மின்சாரக் கெண்டியைத் திறந்து உள்ளே பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "என்னடி, இங்கேயும் உப்புத் தண்ணிதானா?" என்பது. இராமநாதபுரத்தில் வெந்நீர்ப் பானையின் அடியில் பாளம் பாளமாகப் படியும் அதே வெள்ளைப் படிவை அவர் உடனே அடையாளம் கண்டுகொண்டார். அதற்கு ஊரில் அவர் செய்யும் வைத்தியம் கெட்டியான புளிக்கரைசலை ஊற்றி இரவு முழுவதும் ஊறவிடுவது. புளியின் அமிலம் செய்யும் அந்த வேலையைத்தான் நான் இங்கே வேறொரு அமிலத்தால் செய்கிறேன்.

தண்ணீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்த நிலையில் இருக்கும்வரை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. சூடாக்கும்போது அதிலிருந்து கரியமில வாயு பிரிந்து போக, கரையாத கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு, எஞ்சிச் சூடான பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. இயந்திரத்தில் மிகச் சூடான பரப்பு சுருள் இருக்கும் கலம்தான் என்பதால் அங்கேதான் அதிகம் படியும். நாளொன்றுக்கு 8 அவுன்ஸ் கோப்பைகள் மூன்று என்று வைத்தால், மூன்று மாதத்தில் ஏறக்குறைய 64 லிட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்றால் அந்தத் தண்ணீரோடு சுமார் 19 கிராம் சுண்ணாம்பும் போகிறது. அத்தனையும் உள்ளே தங்கிவிடுவதில்லை. பெரும்பகுதி நம் காபியோடு வெளியே வந்துவிடும். ஆனால் தங்கும் சிறுபகுதியே போதுமானது. அது வெப்பத்தை எளிதில் கடத்தாது. சுருளைப் போர்த்திக்கொண்டு தண்ணீர் சூடாவதைத் தாமதப்படுத்தும். உதிர்ந்த துணுக்குகள் வால்வின் வாயிலும் மெல்லிய குழாயிலும் போய் நிற்கும். அப்போதுதான் காபி பாதிக் கோப்பையோடு நிற்கிறது.

இருந்தாலும், பாதிக் கோப்பை வந்ததும் நான் நேரே சுண்ணாம்பைக் குற்றம் சொல்வதில்லை. எளிதில் பார்க்கக்கூடியதை முதலில் பார்க்க வேண்டும், அது ஊசி. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, இயந்திரம் ஆறிய பிறகு மூடியைத் திறந்து, மேலே இருக்கும் ஊசியைக் கீழிருந்து விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிறேன். ஊசியின் நுனியைச் சுற்றிச் சிறு துளைகள் இருக்கும். அவற்றில் காபித் தூள் ஈரமாகி இறுகிக் களிம்புபோல் அடைத்திருக்கும். பேப்பர் கிளிப் ஒன்றை நேராக நிமிர்த்தி, அதன் முனையை ஒவ்வொரு துளையிலும் விட்டு மெல்லச் சுழற்றினால் அந்தக் களிம்பு உதிர்ந்துவிடும். கீழ் ஊசி காப்ஸ்யூல் உட்காரும் கிண்ணத்தின் அடியில் இருக்கிறது. கிண்ணத்தை இழுத்துக் கழற்றி, வெந்நீரில் ஊற வைத்து, அடிப்பக்கத் துளையையும் அதே கம்பியால் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டு ஊசிகளும் கூர்மையானவை. முதல் முறை அவசரத்தில் விரலை உள்ளே விட்டுக் குத்திக்கொண்ட பிறகு, மேல் ஊசி எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமல் நான் கையை நீட்டுவதில்லை. சுத்தம் செய்து முடித்ததும் காப்ஸ்யூல் போடாமல் இரண்டு கோப்பை வெந்நீர் ஓட்டினால் மிச்சத் துகள்கள் வெளியேறிவிடும்.

அதன் பிறகும் கோப்பை நிறையவில்லை என்றால் பம்பில் காற்று சிக்கியிருக்கிறதா என்று பார்க்கிறேன். தொட்டி முழுவதும் காலியாகும்வரை ஓட்டிவிட்டால் பம்பு தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். பிறகு தொட்டியை நிரப்பினாலும் அந்தக் காற்றுக் குமிழி நடுவில் நின்றுகொண்டு நீரை வரவிடாது. வழக்கமான முனகலுக்குப் பதிலாகப் பம்பு கடகடவென்று ஓசை எழுப்புவதும், தொட்டியில் நீர்மட்டம் இறங்காமல் இருப்பதும் இதற்கு அடையாளம். இணைப்பைப் பிடுங்கி, தொட்டியைக் கழற்றி, நீர் நுழையும் துளையில் குழந்தைகளுக்கு மருந்து புகட்டும் பிளாஸ்டிக் சிரிஞ்சால் தண்ணீரை மெல்ல அழுத்திச் செலுத்துகிறேன். குமிழி மேலே வந்துவிடும். சில நேரங்களில் அதோடு ஒரு சுண்ணாம்புத் துணுக்கும் வரும். இயந்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியில் தட்டுவது இங்கே பலரும் சொல்லும் உபாயம். அது பலன் தருவதை நானும் கண்டிருக்கிறேன். ஆனால் கலத்துக்குள் எப்போதும் நீர் இருக்கிறது. சற்றுமுன் ஓடிய இயந்திரமென்றால் அது வெந்நீர். இணைப்பைப் பிடுங்கிப் பல மணி நேரம் ஆறவிட்ட பிறகு, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு மட்டுமே கவிழ்க்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நான் யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.

ஊசியும் சரி, காற்றும் இல்லை என்றால் எஞ்சியிருப்பது சுண்ணாம்பு. அதை நீக்க நான் பயன்படுத்துவது சிட்ரிக் அமிலம், அதாவது நம்மவர்கள் எலுமிச்சை உப்பு என்று சொல்லும் வெள்ளைத் துகள். இங்கே பெரிய கடைகளில், பழங்களைப் புட்டியில் அடைத்துப் பதப்படுத்தும் பொருள்கள் இருக்கும் அடுக்கில் அது கிடைக்கிறது. ஒன்றரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 30 கிராம் கரைத்தால் நூற்றுக்கு இரண்டு பங்கு கரைசலாகும். கணக்குப்படி 30 கிராம் சிட்ரிக் அமிலம் ஏறக்குறைய 23 கிராம் சுண்ணாம்பைக் கரைக்கக்கூடியது. மூன்று மாதத்தில் இயந்திரத்துக்குள் போகும் மொத்தச் சுண்ணாம்பே 19 கிராம் என்பதால் இந்த அளவு தாராளமானது. அதிகம் போட்டால் விரைவில் முடியும் என்று நினைப்பது தவறு. அமிலம் அளவுக்கு மிஞ்சிக் கொதிநிலையில் நெடுநேரம் நின்றால் கால்சியம் சிட்ரேட் என்ற வேறொரு கரையாத படிவு உண்டாகலாம். ஒன்றை நீக்கப் போய் இன்னொன்றைச் சேர்த்த கதையாகிவிடும்.

செய்யும் முறையில் அவசரம் கூடாது. காப்ஸ்யூல் வைக்காமல், பெரிய குவளை ஒன்றைக் கீழே வைத்து, கரைசலை இரண்டு கோப்பை ஓட்டுகிறேன். பிறகு இயந்திரத்தை அணைத்து அரை மணி நேரம் அப்படியே விடுகிறேன். கலத்துக்குள் இருக்கும் கரைசல் சுண்ணாம்போடு வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிடும். காதை வைத்துக் கேட்டால் மெல்லிய நுரைச் சத்தம் கேட்கும். பின்னர் மீண்டும் இரண்டு கோப்பை, மீண்டும் அரை மணி நேரம் என்று கரைசல் தீரும்வரை செய்கிறேன். எதிர்வீட்டாரின் இயந்திரத்தில் முதல் குவளை தெளிவாக வந்தது. இரண்டாவது பால்போல் வெளுத்து வந்தது. மூன்றாவதில் அரிசிக் குருணை அளவுக்குச் சுண்ணாம்புத் துணுக்குகள் வந்து குவளையின் அடியில் தங்கின. அந்தத் துணுக்குகளைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை இப்போதும் நினைவில் வைத்திருக்கிறேன். ஒரே முறையில் முழுவதும் நீங்கவில்லை. ஓர் இரவு கரைசலை உள்ளேயே ஊறவிட்டு மறுநாள் காலையில் மீண்டும் செய்த பிறகுதான் கோப்பை நிறைந்தது. முடிந்ததும் தொட்டியை நன்கு கழுவி, நல்ல தண்ணீரால் இரண்டு முழுத் தொட்டியை ஓட்டிக் கழுவ வேண்டும். கடைசிக் கோப்பையை நாக்கில் வைத்துப் பார்த்தால் புளிப்பு இருக்கக் கூடாது.

வினிகரும் இதே வேலையைச் செய்யும். கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரில் 5 விழுக்காடு அசிட்டிக் அமிலம் இருக்கிறது. அதையும் தண்ணீரையும் சரிபாதியாகக் கலந்து நானும் ஒருமுறை ஓட்டியிருக்கிறேன். சுண்ணாம்பு கரைந்தது, ஆனால் வாசனை ஒரு வாரம் போகவில்லை. காலையில் முதல் வாய் காபியில் ஊறுகாய் நெடி அடித்தால் அந்த நாளே சரியாக அமைவதில்லை, ஆகவே நான் சிட்ரிக் அமிலத்தோடு நின்றுவிட்டேன். ஆனால் எந்த அமிலமாக இருந்தாலும் துணிக்குப் போடும் பிளீச்சோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு உண்டாகும், அது நுரையீரலைப் புண்ணாக்கும்.

சுண்ணாம்பு நீக்கச் சொல்லி எரியும் விளக்கை நம்பலாமா என்று பலர் கேட்கிறார்கள். என் இயந்திரத்தில் அந்த விளக்கு, ஓட்டிய கோப்பைகளின் எண்ணிக்கையை வைத்தே எரிகிறது. உள்ளே எவ்வளவு படிந்திருக்கிறது என்பதை அது பார்ப்பதில்லை. மென்மையான நீர் உள்ள ஊரில் அது தேவைக்கு முன்பே எரியும், எங்கள் ஊரில் தேவைக்குப் பின்னால் எரியும். ஊரின் தண்ணீரை அறிந்து நாமே நாள் குறித்துக்கொள்வது நல்லது.

தொட்டியில் கரி வடிகட்டி போட்டிருக்கிறேன், அதனால் எனக்குச் சுண்ணாம்புப் பிரச்சினை இல்லை என்று சொல்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். இது மிகப் பரவலான தவறான நம்பிக்கை. அந்தச் சிறு வடிகட்டியில் இருப்பது கிளர்வூட்டிய கரி. அது குளோரின் நெடியையும் சில சுவைக் குறைகளையும் நீக்கும், காபியின் மணம் நிச்சயமாக மேம்படும். ஆனால் கரைந்திருக்கும் கால்சியத்தை அது தொடுவதேயில்லை. கடினத்தன்மையைக் குறைக்க, கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு வேறொன்றை விடும் அயனிப் பரிமாற்றப் பிசின் வேண்டும். குளிர்பெட்டியில் வைக்கும் வடிகட்டிக் கூஜாக்கள் சிலவற்றில் கரியோடு அந்தப் பிசினும் இருப்பதால் அவை ஓரளவு உதவுகின்றன. இங்கே சொந்த வீடுகளில் பலர் வைத்திருக்கும் நீர் மென்மையாக்கும் கருவி கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைத் தருகிறது. அந்தத் தண்ணீரில் படிவு உண்டாகாது. அப்படியானால் கடையில் விற்கும் வாலைவடி நீரையே ஊற்றிவிடலாமே என்று தோன்றும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். சில இயந்திரங்களின் உணரிகள் தண்ணீரில் மின்சாரம் கடத்தப்படுவதை வைத்தே கலம் நிரம்பியதை அறிகின்றன. தாது இல்லாத நீரை அவை நீர் என்றே உணராமல் போகலாம். அதோடு, தாது அறவே இல்லாத நீரில் இறங்கும் காபி சப்பென்று இருக்கிறது. நான் கூஜாவில் வடித்த நீரைத்தான் ஊற்றுகிறேன். அது வந்த பிறகு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்த சுண்ணாம்பு நீக்கும் வேலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதுமானதாக இருக்கிறது.

தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும்போதே தண்ணீர் ஊற்று என்று விளக்கு எரிவது மற்றொரு கோளாறு. இதற்குக் காரணம் பெரும்பாலும் மிதவை. தொட்டிக்குள் காந்தம் பதித்த சிறு மிதவை ஒன்று உண்டு. நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும் அதை வெளியே இருக்கும் உணரி கவனிக்கிறது. தொட்டியைக் கழுவாமல் விட்டால் சுவரில் வழுவழுப்பான பாசி பிடித்து, மிதவை அடியிலேயே ஒட்டிக்கொள்ளும். சோப்பு நீரில் மென்மையான தூரிகையால் கழுவி, மிதவை தடையில்லாமல் மேலே எழுகிறதா என்று விரலால் தள்ளிப் பார்த்தால் போதும். வாரம் ஒருமுறை தொட்டியைக் கழுவும் வீட்டில் இந்தக் கோளாறு வரவே வராது.

காபி தண்ணீராக இருக்கிறது என்பதும் ஒரு புகார்தான், ஆனால் அதில் பெரும்பாலும் இயந்திரத்தின் தவறு இல்லை. காபித் துறையில் வழக்கமாகச் சொல்லப்படும் அளவு, ஒரு லிட்டர் நீருக்கு 55 கிராம் தூள். காப்ஸ்யூலில் 10 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 6 அவுன்ஸ் பொத்தானில், அதாவது 177 மில்லியில், லிட்டருக்கு 56 கிராம் என்று கணக்கு அப்படியே பொருந்துகிறது. அதே காப்ஸ்யூலை வைத்து 12 அவுன்ஸ் பொத்தானை அழுத்தினால் 355 மில்லியில் அதே 10 கிராம்தான். லிட்டருக்கு 28 கிராம், சரிபாதி. கடைசியில் வடிவது காபி அன்று, கழுவிய நீர். பெரிய கோப்பை வேண்டுமென்றால் இரண்டு காப்ஸ்யூலில் இரண்டு முறை 6 அவுன்ஸ் எடுப்பதுதான் வழி. பாலோடு குடிக்கும் நம் பழக்கத்துக்கு 6 அவுன்ஸே பொருத்தமானது. அதோடு, முதல் கோப்பைக்கு முன் வெறும் வெந்நீரை ஒருமுறை ஓட்டிக் குழாயையும் கோப்பையையும் சூடாக்கிக்கொண்டால் சுவையில் வேறுபாடு தெரிகிறது. நல்ல காபிக்கு 90 முதல் 96 டிகிரி வரை வெப்பம் வேண்டும் என்பார்கள். 89 டிகிரியில் தொடங்கும் இயந்திரத்தில் வழியில் குறையும் ஒவ்வொரு டிகிரியும் நட்டம்.

நம்மவர்கள் வீட்டில் மட்டும் நிகழும் கோளாறு ஒன்று இருக்கிறது. காப்ஸ்யூலுக்குப் பதிலாக, வலை வைத்த, மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் சிறு கிண்ணம் ஒன்று கிடைக்கிறது. அதைக் கண்டதும் ஊரிலிருந்து வந்த சிக்கரி கலந்த ஃபில்டர் காபித் தூளை அதில் போட வேண்டும் என்ற ஆசை யாருக்கும் எழும், எனக்கும் எழுந்தது. விளைவாக நீர் கீழே இறங்காமல் மேலே பொங்கி, மூடியின் ஓரமாக வழிந்து, தூள் மேல் ஊசிக்குள் ஏறி அடைத்துக்கொண்டது. பித்தளை ஃபில்டரில் டிகாக்‌ஷன் தன் எடையால் சொட்டுச் சொட்டாக இறங்கக் கால்மணி நேரத்துக்கும் மேலாகிறது. அதற்கேற்றபடி நுணுக்கி அரைக்கப்பட்ட தூள் அது, சிக்கரி சேரும்போது இன்னும் பசைபோல் இறுகும். இங்கேயோ ஒரு நிமிடத்துக்குள் அத்தனை நீரும் பாய்ந்தாக வேண்டும். ரவை அளவுக்குக் கரகரப்பாக அரைத்த, சிக்கரி கலவாத தூளைக் கிண்ணத்தின் முக்கால் பங்குக்கு மேல் போகாமல், அழுத்தாமல் இட்டால் இயந்திரம் ஏற்றுக்கொள்கிறது. டிகாக்‌ஷன் வேண்டும் நாளில் நான் பித்தளை ஃபில்டரையே எடுக்கிறேன். இரண்டையும் ஒன்றாக்க முயல்வது இரண்டுக்கும் நல்லதன்று.

மூடியின் ஓரமாக நீர் வழிவதற்கு இன்னொரு காரணம், மேல் ஊசியைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம். அது காய்ந்து வெடித்துவிட்டால் காற்றழுத்தம் அங்கேயே கசிந்துவிடும், கோப்பையும் நிறையாது. தொடக்கத்தில் நான் சொன்ன அந்த ஒரே உதிரிப் பாகம் இதுதான். விரலால் பழையதை இழுத்தெடுத்துப் புதியதைப் பொருத்த இரண்டு நிமிடம் போதும்.

இயந்திரம் உயிரே இல்லாமல் கிடந்தால் முதலில் சுவரைப் பார்க்க வேண்டும். அமெரிக்கச் சமையலறைகளில் மேடையருகே சுவரில் உள்ள மின்செருகு துளைகளில் ஈரத்தால் மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டித்துக்கொள்ளும் அமைப்பும், அதை மீட்டெடுக்கும் சிறு பொத்தானும் உண்டு. அந்தப் பொத்தானை அழுத்தினாலே பல இயந்திரங்கள் உயிர்பெறுகின்றன. இன்னொன்று, 1500 வாட் இயந்திரம் 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் இழுக்கிறது. அதே இணைப்பில் மைக்ரோவேவும் ஓடினால் 20 ஆம்பியர் எல்லை தாண்டி மின்தடுப்பான் விழுந்துவிடும். காலையில் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டாமல் இருப்பதுதான் தீர்வு. மெல்லிய நீட்டிப்பு ஒயரில் இதைச் செருகவே கூடாது.

2021 பிப்ரவரியில் டெக்சஸ் முழுவதும் உறைந்த நாள்களில் ஒரு பாடம் கிடைத்தது. மின்சாரமும் தண்ணீரும் விட்டுவிட்டு வந்தன. எங்கள் நகரில் குழாய் நீரைக் கொதிக்க வைத்தே பயன்படுத்த வேண்டும் என்று அறிவித்தார்கள். காபி இயந்திரம்தான் தண்ணீரைக் காய்ச்சுகிறதே, அது போதாதா என்று என் கணவர் கேட்டார். போதாது. கொதிக்க வைப்பது என்றால் தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும். இயந்திரத்தின் நீர் 89 டிகிரியைத் தாண்டுவதில்லை, அந்தச் சூட்டிலும் அது நிற்பது சிறிது நேரமே. அந்த நாள்களில் முன்பே கொதிக்க வைத்து ஆறிய நீரையோ புட்டி நீரையோதான் தொட்டியில் ஊற்றினோம். வீட்டுக்குள் வெப்பநிலை மிகவும் இறங்கியிருந்த ஒரு காலையில் இயந்திரத்தை ஓட்டவே இல்லை. கலத்திலோ குழாயிலோ நீர் உறைந்திருந்தால் அது விரிந்து குழாயைப் பிளந்திருக்கக்கூடும். அறை வெப்பத்துக்கு வந்து பல மணி நேரம் கழித்தே இணைப்புக் கொடுத்தேன்.

ஊருக்குப் போகும்போது தொட்டியைக் காலிசெய்து, துடைத்து, மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறேன். திரும்பி வந்ததும் மூன்று கோப்பை வெந்நீர் ஓட்டிக் கீழே ஊற்றிய பிறகே முதல் காபி. பயன்படுத்திய காப்ஸ்யூலை உடனே எடுத்துவிடுவதும் முக்கியம். ஈரமும் வெதுவெதுப்பும் இருளும் சேர்ந்த அந்தக் கிண்ணத்தில் இரண்டே நாளில் பூஞ்சை வெள்ளையாகப் பூத்துவிடும்.

இவ்வளவையும் செய்கிற நான் ஒன்றை மட்டும் செய்வதில்லை. திருப்புளியை எடுத்து அடிப்பலகையைக் கழற்றுவதில்லை. உள்ளே மின்சாரமும் வெந்நீரும் அடுத்தடுத்து இருக்கின்றன. வெப்பம் எல்லை மீறினால் எரிந்து இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு உருகியும் அங்கேதான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு நேர் இணைப்புக் கொடுத்து இயந்திரத்தை ஓட்டலாம் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது வீட்டையே எரித்துவிடக்கூடிய யோசனை. 2014 டிசம்பரில், அமெரிக்காவில் விற்கப்பட்ட ஒற்றைக் கோப்பை இயந்திர வகை ஒன்றில் நீர் மிகையாகச் சூடாகிக் காய்ச்சும்போது வெளியே தெறிப்பதாகத் தெரியவந்து, சுமார் 66 இலட்சம் இயந்திரங்களுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. அப்போது 90 பேர் தீக்காயம் அடைந்ததாகப் புகார்கள் பதிவாகியிருந்தன. இரண்டு கோப்பைகளுக்கு மேல் இடைவிடாமல் எடுக்கும்போது அது நேர்ந்ததாகச் சொன்னார்கள். விருந்தினர் வந்து அடுத்தடுத்து ஐந்தாறு கோப்பை எடுக்க நேரும்போது, ஒவ்வொன்றுக்கும் நடுவே சற்று நேரம் விடுகிறேன். குழந்தைகளை மேடையருகே நிற்க விடுவதில்லை. ஊசியும் வளையமும் நல்ல நிலையில் இருந்து, சுண்ணாம்பும் நீங்கி, அதன் பிறகும் நீர் சூடாகவில்லை என்றால் அந்த இயந்திரத்தை மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிட வேண்டியதுதான்.

என் சமையலறையில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் மில்லிலிட்டர் கோடு போட்ட கண்ணாடிக் குவளை ஒன்று எப்போதும் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை, காப்ஸ்யூல் போடாமல் 8 அவுன்ஸ் பொத்தானை அழுத்தி, அந்தக் குவளையில் பிடித்து அளந்து, நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வைக்கிறேன். 237 மில்லி வர வேண்டும். 225க்குக் கீழே இறங்கினால் ஊசியைப் பார்க்கிறேன். 210க்குக் கீழே போனால் சிட்ரிக் அமிலம். இந்த மாதம் 231 வந்தது.